வாசகர் கேள்வி – பதில்: "இன்றேல், ஏன்?"

சென்ற இதழில், பாராளுமன்ற உறுப்பினர்கள் எழுத்தில் கொடுக்கும் வினாக்களைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்கள் மேசையில் ஒரு சிறு கட்டாகச் சேர்ந்துவிட்டன. ஆகவே தேயிலைக் கன்று, வங்கிக் கடன், பரீட்சைப் பெறுபேறு பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை பகுதி முழுவதையும் இதற்கே கொடுக்கிறேன்.

"எங்கள் உறுப்பினர் மேசையைத் தட்டிப் பேசுவதைத் தொலைக்காட்சியில் பார்க்கிறோம். அப்படி நேருக்கு நேர் கேட்கக்கூடியதைக் கடதாசியில் எழுதிக் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பதால் என்ன பயன் ஐயா?"
*ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பொகவந்தலாவை*

பேச்சு எவ்வளவு சூடாக இருந்தாலும், அதில் உள்ள ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அமைச்சருக்கு இல்லை. இருபது நிமிடப் பேச்சில் பத்து விடயங்களைச் சொன்னால், அமைச்சர் எழுந்து அவற்றுள் தமக்கு வசதியான ஒன்றைப் பிடித்துக்கொண்டு, முந்தைய அரசாங்கத்தையும் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு அமர்ந்துவிடலாம். எழுத்தில் கொடுத்த வினா அவ்வளவு எளிதாக நழுவவிடாது. அதற்கு ஓர் இலக்கம் உண்டு. இன்ன அமைச்சரிடம் கேட்கப்படுகிறது என்ற முகவரி உண்டு. சபையின் அன்றைய அலுவல்களைப் பட்டியலிடும் ஒழுங்குப் பத்திரத்தில் அச்சாகிறது. விடை வந்தால் அதுவும் சபை நடவடிக்கைகளின் பதிவேடான ஹன்சாட்டில் அச்சாகிறது. அமைச்சரவை பாராளுமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்புடையது, விடையளிக்கக் கடப்பாடுடையது என்று நமது அரசியலமைப்பின் 42ஆம் உறுப்புரை சொல்வது நடைமுறையில் உயிர்பெறும் இடங்களுள் இது ஒன்று.

வினாவின் பயணத்தைக் கொஞ்சம் பின்தொடர்ந்து பாருங்கள். உறுப்பினர் அதைப் பாராளுமன்றச் செயலாளர் நாயகத்தின் அலுவலகத்தில் கையளிக்கிறார். சபையின் நடைமுறை விதிகளான நிலையியற் கட்டளைகளுக்கு உட்பட்டிருக்கிறதா என்று அங்கே பார்க்கிறார்கள். வினாவுக்குள் வாதம் இருக்கக் கூடாது, வசை இருக்கக் கூடாது, நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள வழக்கைத் தொடக் கூடாது. அதன் பின் வினா அமைச்சுக்குப் போகிறது. அமைச்சின் செயலாளர் திணைக்களத்துக்கு அனுப்புகிறார். திணைக்களம் மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புகிறது. கடைசியில் நுவரெலியாவிலோ பதுளையிலோ ஏதோ ஒரு கந்தோரில், ஆறு வருடமாக யாரும் தொடாத கோப்பு ஒன்றை ஓர் உத்தியோகத்தர் அலுமாரியிலிருந்து இறக்கித் தூசி தட்டுகிறார். என்னைக் கேட்டால், வினாவின் பாதிப் பலன் அந்தத் தூசி தட்டலிலேயே கிடைத்துவிடுகிறது. தாம் எழுதப் போகும் வரி அமைச்சரின் பெயரில் அச்சேறும் என்று தெரிந்த உத்தியோகத்தர், வழக்கத்தைவிட ஒருமுறை கூடுதலாகக் கணக்கைச் சரிபார்ப்பார்.

வினாக்களுக்கென்று ஓர் அச்சு வடிவமும் உண்டு. (அ), (ஆ) என்று பகுதி பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் உரோம இலக்கமிட்டு, "என்பதை அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா?" என்று கேட்டுக்கொண்டே போய், கடைசிப் பகுதியில் இரண்டே சொற்களில் நிறுத்துவார்கள்: "இன்றேல், ஏன்?" நானறிந்த அரசாங்கத் தமிழில் இவ்வளவு சுருக்கமும் கூர்மையும் உள்ள வாக்கியம் வேறில்லை. விடை தர மறுப்பதானால் அதற்கும் காரணம் சொல்லிவிட்டுப் போங்கள் என்பதுதான் அதன் பொருள்.

இன்னுமொன்று. ஹன்சாட்டில் 'வினாக்களுக்கு வாய்மூல விடைகள்', 'வினாக்களுக்கு எழுத்துமூல விடைகள்' என்று இரண்டு தலைப்புகளைக் காண்பீர்கள். எழுத்துமூல விடையை யாரும் எழுந்து வாசிப்பதில்லை. நேரே அச்சுக்குப் போகிறது. வாய்மூலம் என்று பெயர் பெற்றவற்றிலும், விடை நீளமாக இருந்தால் அமைச்சர் அதை வாசிக்காமல் சபாபீடத்தில், அதாவது சபை மேசையில், வைத்துவிடுவது வழக்கம். ஆகவே பெயர் எதுவானாலும், கடைசியில் நம் கைக்கு வருவது எழுத்துதான். வேறுபாடு ஒன்றே: வாய்மூல வினாவென்றால் விடையைக் கேட்ட கையோடு உறுப்பினர் மேலதிகக் கேள்வி கேட்கலாம், அதற்கு அமைச்சர் நின்ற இடத்திலேயே பதில் சொல்ல வேண்டும். எனவே புள்ளிவிபரம் வேண்டுமானால் எழுத்துமூலமும், அமைச்சரை நிறுத்தி விசாரிக்க வேண்டுமானால் வாய்மூலமும் பொருத்தம்.

"விடை வர எவ்வளவு காலம் எடுக்கும்?"
*வாசகர் ஒருவர், வெலிமடை*

பாராளுமன்றம் பொதுவாக மாதத்தில் எட்டு நாள், இரண்டு வாரங்களில் செவ்வாய் முதல் வெள்ளி வரை கூடுகிறது. வினா ஒழுங்குப் பத்திரத்தில் ஏறும் நாளிலேயே விடை வருவதும் உண்டு. "இரண்டு வார கால அவகாசம் வேண்டும்" என்று அமைச்சர் எழுந்து சொல்வதும் உண்டு. பின்னதுதான் நமக்குப் பழக்கமான குரல். அப்போது வினா இன்னொரு நாளைக்குத் தள்ளிவைக்கப்படுகிறது, அந்த ஒத்திவைப்பும் ஹன்சாட்டில் பதிவாகிறது. ஒரே வினா எத்தனை முறை ஒத்திப்போனது என்று எண்ணிப் பார்ப்பதும் ஒரு தகவல்தான்.

"இந்த வழக்கம் எங்கே தொடங்கியது? மலையக மக்களுக்காக இதை யாராவது பயன்படுத்தியிருக்கிறார்களா?"
*பல்கலைக்கழக மாணவி ஒருவர், தலவாக்கலை*

பிரித்தானியப் பாராளுமன்றத்தில் பதிவான முதல் கேள்வி 1721இல் பிரபுக்கள் சபையில் கேட்கப்பட்டது. தென்கடல் கம்பனியின் பங்கு ஊழல் வெடித்திருந்த நேரம். அக்கம்பனியின் காசாளர் நாட்டைவிட்டு ஓடியிருந்தார். அவர் பிடிபட்டுவிட்டார் என்று ஊரெல்லாம் பேசுகிறார்களே, உண்மையா என்று கௌப்பர் பிரபு அரசாங்கத்தைக் கேட்டார். முதல் கேள்வியே ஓடிப்போன காசாளரைப் பற்றியதாக இருந்தது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. இந்தியாவில் சட்டசபை உறுப்பினர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமையை 1892ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்தது. அடுத்த ஆண்டு பிங்கா அரசர் கேட்ட முதல் கேள்வி, சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளுக்குச் சாமான்கள் கொடுக்க வேண்டியிருந்ததால் கிராமத்துக் கடைக்காரர்கள் பட்ட கஷ்டத்தைப் பற்றியது. சாம்ராஜ்யத்தின் பெரிய கொள்கைகளை விட்டுவிட்டுக் கடைக்காரரின் அரிசி பருப்பிலிருந்து தொடங்கினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

நம் பக்கம் வருவோம். பத்திரிகையாளராக இருந்து தொழிற்சங்கவாதியான கோ. நடேசையர், 1920களிலேயே சட்ட நிரூபண சபையில் இந்தியர்களின் பிரதிநிதியாக அமர்ந்தவர். பின்னர் 1936 முதல் அரசாங்க சபையில் அட்டன் தொகுதியின் உறுப்பினராக இருந்தார். 1931இல் அதே அட்டனிலிருந்து சென்ற பெரி சுந்தரம் தொழில் அமைச்சராகவே ஆனார். தலவாக்கலையிலிருந்து, உங்கள் ஊரிலிருந்துதான், எஸ். பி. வைத்திலிங்கம் சென்றார். 1947இல் முதலாவது பாராளுமன்றத்துக்கு இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் சௌ. தொண்டமான் உள்ளிட்ட பலர் மலைநாட்டுத் தொகுதிகளிலிருந்து தெரிவாகினர்.

அதன் பின் நடந்ததை நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள்: 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், அதைத் தொடர்ந்து 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம். குடியுரிமையோடு வாக்கும் போனது. 1952 தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. மீண்டும் ஒருவர் மக்கள் வாக்கால் உள்ளே போனது 1977இல், நுவரெலியாவிலிருந்து தொண்டமான். இடையில் அவரும் அப்துல் அஸீஸும் நியமன உறுப்பினர்களாக இருந்த காலங்கள் உண்டு என்றாலும், வாக்காளருக்குப் பதில் சொல்ல வேண்டிய உறுப்பினர் ஒருவர் தன் தோட்டத்து மக்களின் கடிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு போய் வினாவாக மாற்றுவது என்ற காரியம் கால் நூற்றாண்டுக்கு அறுந்து கிடந்தது. வாக்குரிமை இழப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் ஆசனங்களின் எண்ணிக்கையைச் சொல்வார்கள். எனக்கு அந்த ஆண்டுகளின் கேட்கப்படாத வினாக்கள் நினைவுக்கு வருகின்றன. சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் கைச்சாத்தானதும், தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையானதும் அந்தக் காலத்துக்குள்தான். ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். 1952க்கும் 1977க்கும் இடைப்பட்ட ஹன்சாட்டில் தோட்டங்களைப் பற்றி யார், எத்தனை வினா, எந்த மொழியில் கேட்டார்கள் என்று ஒருவர் உட்கார்ந்து எண்ணினால் நல்ல வேலை.

"எங்கள் பிரச்சினையை வினாவாகக் கேட்கச் சொல்லி உறுப்பினருக்குக் கடிதம் கொடுத்தோம். ஒன்றும் நடக்கவில்லை. எப்படி எழுதியிருக்க வேண்டும்?"
*தோட்ட இளைஞர்கள் சிலர், அக்கரப்பத்தனை*

உங்கள் கடிதத்தின் பிரதியை வாசித்தேன். தம்பிமாரே, அது நல்ல கடிதம், ஆனால் அதற்குள் வினா இல்லை. இருநூறு வருட வரலாறு இருக்கிறது, அட்டைக்கடியும் குளிரும் இருக்கிறது, "இந்த அவலம் என்று தீரும்?" என்ற முடிவும் இருக்கிறது. அதை அப்படியே சபையில் கேட்டால், "அரசாங்கம் விசேட கவனம் செலுத்தி வருகிறது" என்று ஒரு வரியில் விடை வரும். கேள்வி மங்கலாக இருந்தால் விடையும் மங்கலாகத்தான் இருக்கும்.

நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அட்டனில் ஒரு தேநீர்க் கடையில், தோட்டப் பாடசாலை ஒன்றின் பெற்றோர் இருவரும் ஓர் உறுப்பினரின் உதவியாளரும் உட்கார்ந்திருந்தார்கள். தமிழைத் திருத்திக் கொடுப்பதற்காக என்னையும் அழைத்திருந்தார்கள். பெற்றோர் மூன்று பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். உதவியாளர் அதைப் படித்துவிட்டு மெதுவாக மடித்து வைத்தார். "அக்கா, இதில் எண் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். அந்தத் தாய் சற்று யோசித்துவிட்டு, எழுதாத ஒன்றைச் சொன்னார். பாடசாலைக்குப் புதுக் கட்டடம் என்று அடிக்கல் நாட்டினார்களாம். நான்கு தூண் எழும்பியதாம். அதன் பிறகு ஒப்பந்தக்காரரைக் காணவில்லை. தூணின் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் துருப்பிடித்த கம்பிகளில் கயிறு கட்டி, லயத்துப் பெண்கள் உடுப்புக் காயப்போடுகிறார்கள்.

மூன்று பக்கத்தையும் விட்டுவிட்டோம். இந்தப் பாடசாலைக்குக் கட்டடம் ஒன்று அங்கீகரிக்கப்பட்டதா, எந்த ஆண்டில், மதிப்பிடப்பட்ட தொகை எவ்வளவு, இன்றுவரை ஒப்பந்தக்காரருக்குச் செலுத்திய தொகை எவ்வளவு, ஒவ்வொரு கொடுப்பனவும் எந்தத் திகதியில், எந்தக் கட்ட வேலைக்காக, வேலை எப்போது முடியும், இன்றேல், ஏன்? அவ்வளவுதான் வினா. தேநீர் ஆறுவதற்குள் எழுதி முடித்தோம்.

இரண்டு முறை ஒத்திப்போய் விடை வந்தது. 'கூரை மட்டம் வரையிலான வேலைக்காக' ஒரு தொகை செலுத்தப்பட்டிருப்பதாக அதில் ஒரு வரி இருந்தது. நான்கு தூணுக்கு ஏது கூரை மட்டம்? அந்த ஒரு வரியை வெட்டி, உடுப்புக் காயும் தூண்களின் படத்தையும் சேர்த்து, பெற்றோர் மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினார்கள். அடுத்த மாதம் பொறியியலாளர் ஒருவர் ஜீப்பில் வந்து தூண்களை அளந்துவிட்டுப் போனார். இன்று கூரை ஏறியிருக்கிறது; கதவும் யன்னலும் இன்னும் வரவில்லை. அலுவலகத்தின் பெயரையும் பாடசாலையின் பெயரையும் நான் எழுதவில்லை, ஏனென்றால் மீதி வேலை நடந்துகொண்டிருக்கிறது.

உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். காணி உறுதிப்பத்திரத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள். "ஏழு பேர்ச் காணி எப்போது கிடைக்கும்?" என்ற கேள்விக்கு "விரைவில்" என்று சொல்லிவிடலாம். உங்கள் பிரதேச செயலகப் பிரிவில் இதுவரை கட்டி முடித்த தனி வீடுகள் எத்தனை, அவற்றுள் குடும்பத்தின் பெயரில் பதிவு செய்யப்பட்ட உறுதி வழங்கப்பட்டவை எத்தனை, வழங்கப்படாதவற்றுக்கு நில அளவை முடிந்ததா என்று தோட்டத்தின் பெயரோடு கேளுங்கள். வீட்டின் எண்ணிக்கைக்கும் உறுதியின் எண்ணிக்கைக்கும் இடையே இடைவெளி இருந்தால், அது அச்சில் வந்துவிடும். 2017இல் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து மேலும் 10,000 வீடுகளை அறிவித்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதைப் பற்றிய வினாவையும் இப்படித்தான் கேட்க வேண்டும்: தொடங்கியவை எத்தனை, முடிந்தவை எத்தனை, எந்தத் தோட்டத்தில்.

"கேட்டால் 'இது மாகாண சபைக்குரியது', 'இது கம்பனி விடயம்' என்கிறார்கள். பிறகு யாரிடம்தான் கேட்பது?"
*தொழிற்சங்கப் பிரதிநிதி ஒருவர், மஸ்கெலியா*

இது உண்மையான சிக்கல். ஓர் அமைச்சரிடம் அவருடைய பொறுப்புக்குள் வருவதை மட்டுமே கேட்க முடியும். மலையகத்திலோ ஒரே லயத்தின் கூரை ஒருவருக்கும், அதற்குப் போகும் பாதை இன்னொருவருக்கும், நிலம் மூன்றாமவருக்கும் சொந்தமாக இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டப் பகுதிகளில் சபை நிதியைச் செலவிட நெடுங்காலம் தடையாக இருந்து, 2018இல்தான் திருத்தப்பட்டது என்பதே இந்தப் பொறுப்புக் கலப்பின் ஆழத்தைச் சொல்லும்.

மாகாண சபையை எடுத்துக்கொண்டால், பெரும்பாலான தமிழ்ப் பாடசாலைகள் மாகாண நிர்வாகத்தின் கீழ் இருக்கின்றன. மத்திய மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்தது. அதன் பின் பல ஆண்டுகளாகத் தேர்தல் நடக்கவில்லை. உறுப்பினர் இல்லாத சபையில் வினா கேட்க யாருமில்லை. "மாகாணத்துக்குரியது" என்று கொழும்பில் சொல்கிறவர்களுக்கும் அது தெரியும். ஆகவே வினாவை மத்திய அரசின் கையிலுள்ள நுனியில் பிடிக்க வேண்டும்: இவ்வாண்டு மத்திய மாகாணத்தின் கல்விக்கு விடுவித்த நிதி எவ்வளவு, தமிழ்மொழி மூல ஆசிரியர் நியமனத்துக்கு மாகாணம் கோரிய ஆளணி எவ்வளவு, அங்கீகரிக்கப்பட்டது எவ்வளவு?

கம்பனி விடயமும் அப்படியே. 1992இல் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது என்றாலும் நிலம் குத்தகைக்குத்தான் கொடுக்கப்பட்டது, உரிமையாளர் அரசு. குத்தகைப் பணம் கட்டப்பட்டதா, நிபந்தனைகள் மீறப்பட்டனவா, மீறலுக்கு என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பவற்றை அமைச்சரிடம் கேட்கலாம். ஊழியர் சேமலாப நிதியை எடுத்தால், தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதத்தைப் பிடித்து, தொழில்வழங்குநர் 12 வீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டவரைப் பிடிப்பது தொழில் திணைக்களத்தின் கடமை. எனவே "கம்பனி ஏன் கட்டவில்லை?" என்று கேட்டால் கை விரிப்பார்கள், "கட்டாத தொழில்வழங்குநர்களுக்கு எதிராக ஆணையாளர் தொடுத்த வழக்குகள் எத்தனை, அறவிட்ட தொகை எவ்வளவு?" என்று கேட்டால் அது அமைச்சரின் சொந்த வேலையைப் பற்றிய வினா. அரசே முகாமை செய்யும் தோட்டங்களில் இந்த நிலுவை இருந்தால், தப்புவதற்கு அந்தக் கதவும் இல்லை.

"விடை பொய்யாக இருந்தால்?"
*வாசகி ஒருவர், பண்டாரவளை*

சபையை வேண்டுமென்றே தவறாக வழிநடத்துவது சிறப்புரிமை மீறல். உறுப்பினர் அதை எழுப்பினால் ஒழுக்கவியல் மற்றும் சிறப்புரிமைகள் பற்றிய குழுவுக்குப் போகலாம். பிரித்தானியாவில் 1963இல் யுத்த அமைச்சர் புரொபியூமோ பதவி இழந்தது, சபையில் பொய் சொன்னார் என்பதற்காகத்தான். ஆனால் முழுப் பொய் அபூர்வம், அம்மா. அரை விடைதான் அதிகம். (அ) (iii)ஐ மட்டும் மெதுவாகத் தாண்டிப் போவார்கள். அல்லது ஐந்து ஆண்டுக் கணக்குக் கேட்டால் மூன்று ஆண்டுக்குக் கொடுப்பார்கள்.

அரை விடைக்கும் பலன் உண்டு என்பதற்கு இந்தியாவின் முந்த்ரா விவகாரம் சாட்சி. அரசுடைமையான ஆயுள் காப்பீட்டுக் கழகம், முந்த்ரா என்ற வணிகரின் தள்ளாடும் கம்பனிகளில் பங்கு வாங்கியதா என்று 1957இல் மக்களவையில் கேட்டார்கள். மழுப்பலான விடை வந்தது. அந்த மழுப்பலே மேலும் தோண்டத் தூண்டியது. ஆளுங்கட்சியைச் சேர்ந்த பெரோஸ் காந்தி அதே ஆண்டின் இறுதியில் விடயத்தை விரிவாக எழுப்பினார். நீதிபதி சாக்ளா விசாரித்தார். 1958 பெப்ரவரியில் நிதி அமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். பிரதமரின் மருமகன் பிரதமரின் நிதி அமைச்சரைக் கேட்ட கேள்வி அது. நமது சபையில் ஆளுங்கட்சிப் பின்வரிசையினரின் வினாக்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

"தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே. இனி உறுப்பினர் எதற்கு?"
*கிராம உத்தியோகத்தர் ஒருவர், மாத்தளை மாவட்டம்*

நியாயமான கேள்வி, அதைக் கேட்பவர் ஓர் அரச உத்தியோகத்தர் என்பது இன்னும் மகிழ்ச்சி. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எந்தப் பிரசையும், காரணம் சொல்லாமல், தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன் பின் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். ஆவணத்தின் பிரதி வேண்டுமானால் இதுவே நேர்வழி. அமைச்சரின் "இரண்டு வாரம்" போல இது இழுபடாது என்று சொல்ல ஆசைதான், அனுபவம் கலவையானது.

ஆனால் தகவல் அலுவலரின் வேலை பெரும்பாலும் இருக்கிற ஆவணத்தைத் தருவதோடு நின்றுவிடும். "எப்போது செய்வீர்கள்?" என்ற கேள்விக்கு அமைச்சரைப் போல அவர் வாக்குக் கொடுக்க முடியாது. அமைச்சர் சபையில் ஒரு திகதியைச் சொல்லிவிட்டால் அது வாக்குறுதி. நான் கண்டவரை இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துகிறவர்களே காரியம் சாதிக்கிறார்கள்: முதலில் தகவல் சட்டத்தின் கீழ் ஒப்பந்தப் பத்திரத்தை எடுப்பது, அதில் ஓட்டை தெரிந்தால் உறுப்பினர் மூலம் வினா எழுப்புவது. உறுப்பினர் அசையாவிட்டால், வேறொரு உறுப்பினர் வழியாகப் பொது மனுக்கள் பற்றிய குழுவுக்கு மனுக் கொடுக்கவும் வழி இருக்கிறது. அவர் உங்கள் மாவட்டத்தவராக இருக்க வேண்டியதில்லை.

"அதிக வினா கேட்டவரே சிறந்த உறுப்பினர் என்று எடுத்துக்கொள்ளலாமா?"
*வாசகர் ஒருவர், இரத்தினபுரி*

எடுத்துக்கொள்ள வேண்டாம். எண்ணிக்கை உயர வேண்டுமென்று, இருபது பிரதேச செயலகங்களுக்கும் ஒரே வினாவைப் பெயர் மாற்றிக் கேட்பவர்களும் உண்டு. அமைச்சரைப் புகழ வாய்ப்பளிக்கும் வினாக்களும் உண்டு. பணம் வாங்கிக்கொண்டு கேட்டதும் நடந்திருக்கிறது: 2005 டிசம்பரில் இந்தியப் பாராளுமன்றம் அந்தக் குற்றத்துக்காக 11 உறுப்பினர்களை வெளியேற்றியது. அதே வேளை, ஐந்து வருடத்தில் ஒரு வினாகூடக் கேட்காத உறுப்பினரை அந்த ஐந்து வருடமும் என்ன செய்தீர்கள் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நான் பார்ப்பது, விடை வந்த பிறகு அவர் என்ன செய்தார் என்பதைத்தான். விடையை வாங்கிக் கோப்பில் போட்டுவிட்டாரா, அல்லது வரவு செலவுத் திட்டத்தின் குழுநிலை விவாதத்தில் அந்த எண்ணை எடுத்து மீண்டும் நீட்டினாரா?

"ஹன்சாட்டைத் தமிழில் படிக்க முடியுமா?"
*இல்லத்தரசி ஒருவர், கொட்டகலை*

பாதி முடியும். சபையில் பேசியது பேசிய மொழியிலேயே அச்சாகிறது. வினாவை மூன்று மொழியிலும் காண்பீர்கள். ஆனால் அமைச்சர் சிங்களத்தில் விடை சொன்னால் விடை சிங்களத்திலேயே இருக்கும், அதோடு வரும் இணைப்பு அட்டவணைகளும் அப்படியே. பாராளுமன்ற இணையத்தளத்தில் திகதிவாரியாகப் பார்க்கலாம். உங்கள் வீட்டில் சிங்களம் படிக்கும் பிள்ளை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உறுப்பினர் கேட்ட வினாவின் திகதியை அவருடைய அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள்; விடையைப் பிள்ளையைக் கொண்டு வாசிக்கச் செய்து, உங்கள் தோட்டத்தின் பெயர் வரும் வரியை மட்டும் தமிழில் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். அட்டவணையில் உங்கள் தோட்டத்துக்கு எதிரே 'வேலை பூர்த்தி' என்று போட்டிருந்தால், அந்த இடத்தின் படம் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். அடுத்த இதழில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுகிறோம்.